மிளகுக்குத் தெரிந்த சொல்

மிளகு ஒரு ஜெர்மன் பாய்ண்டர் நாய். காடு மேடெல்லாம் ஓடி வேட்டையாடப் பிறந்த சாதி. அதற்கு ஈப்போவில் ஒரு தாமான் குடியிருப்பு வீட்டு வாசல் எந்த மூலைக்கு? சுவரில் பல்லி ஓடினால்கூட முன்னங்காலைத் தூக்கி, மூக்கை நீட்டிச் சிலையாக நின்றுவிடும்.

அதன் எஜமான் சேவுகன் இருந்தவரை விடிந்ததும் பழைய ரப்பர் தோட்டத்துப் பக்கம் கூட்டிப்போய் ஓடவிட்டுக் கொண்டுவருவார். பிறகு கடைக்குக் கிளம்பும்போது, "வாரேன்டா" என்பார். அவ்வளவுதான். மிளகு கேட்டருகே உட்கார்ந்துவிடும். அவர் திரும்பும்வரை எழுந்திருக்காது, எதையும் தின்னாது.

பங்குனியில் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவரும் அதையேதான் சொல்லிவிட்டுப் போனார். பாவி மனுஷன், வரவே இல்லை. பதினோரு நாள் அந்த ஜீவன் கேட்டை விட்டு நகரவில்லை. அவர் மனைவி செகப்பிதான் கையால் ஊட்டி, திட்டி, அழுது, ஒரு வழியாக எழுப்பினாள்.

எழுந்தால் ஓடத்தானே கேட்கும்? செகப்பிக்கு அறுபத்து மூன்று வயது, மூட்டுவலி வேறு. இரண்டு முறை அவளை ரோட்டில் இழுத்துத் தள்ளியாயிற்று. கடைசியில் மகள் அபிராமிதான் ஏற்பாடு செய்தாள். லகாட் பக்கம் பழைய எஸ்டேட் நிலத்தில் மிளகாய் போட்டிருக்கும் குமுதா வீட்டில் மிளகை விட்டுவிடுவதென்று.

"அபி, அங்க வாரேன்னு மட்டும் சொல்லிறாத. வாயத் தொறக்காம கெளம்பிறணும்."

"எத்தன தடவம்மா சொல்வீங்க!" என்று காரை ஓட்டிக்கொண்டே சலித்துக்கொண்டாள் அபிராமி.

இறக்கிவிட்டதுதான் தாமதம், மிளகாய்ச் செடிகளுக்கு நடுவே பறந்தது மிளகு. எத்தனை மாதத்துக்குப் பிறகு அந்த ஓட்டம்! செகப்பிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. குமுதா மைலோ கலந்து கொடுத்தாள்.

"கவலப்படாதீங்கக்கா. நல்லா பாத்துக்கிறோம் லா."

அவர்கள் கிளம்ப, மிளகு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஓடிவந்து நின்றது. செகப்பி அதைத் தொடவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு கார்க் கதவைத் திறந்தாள்.

"சரிக்கா, பாத்துப் போயிட்டு வாங்க," என்றாள் குமுதா.

"வாரேன்மா."

ஐயோ! ஒரு வீட்டிலிருந்து கிளம்பும்போது போகிறேன் என்று சொல்லியே அறியாத வாய். அவளே சொன்னது அவள் காதில் விழுவதற்குள் மிளகு கேட்டருகே போய் உட்கார்ந்துவிட்டது.

நான்காம் நாள் குமுதா போன் செய்தாள். "தண்ணிகூட சரியா குடிக்கல அக்கா. ஒரு தடவ வந்து தலையக் காட்டிட்டுப் போங்களேன்."

"வந்தா, திரும்புறப்ப என்னா சொல்லிட்டு வர்றது குமுதா?"

"ஒங்க சத்தம் கேட்டு எந்திரிச்சிருச்சு அக்கா. போனை அது காதுல வைக்கிறேன், பேசுங்க," என்றாள் குமுதா.

மறுமுனையில் மூச்சிரைப்பு கேட்டது.

"மிளகு, சாப்பிடுடா ராசா. நான் வர மாட்டேன்டா. அவுகளும் வர மாட்டாக." பிறகு, பிறந்ததிலிருந்து வாயில் வராத அந்தச் சொல்லைச் சொன்னாள். "போறேன்டா."

மிளகுக்கு அந்தச் சொல் தெரியாது.

"திரும்ப கேட் பக்கத்துல போயி உக்காந்துருச்சு அக்கா," என்றாள் குமுதா.