வீட்டுக்காரரின் குறட்டையும் மூன்று வகை வாக்கியங்களும்

கட்டிய கணவருக்குப் பாடம் நடத்துவதைப் போல வம்பு வேறு இல்லை. மாலை வகுப்பில் மற்றவர்கள் "டீச்சர்" என்று கூப்பிட்டால் மதிப்பாக இருக்கும். கடைசி பெஞ்சிலிருந்து இவர் கூப்பிட்டால் மட்டும் மொத்த வகுப்பும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும்.

இவர் பஸ் ஓட்டுநர். முதுகெலும்பு தேய்ந்துவிட்டது, இனி ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். டிப்போவின் கட்டுப்பாட்டு அறையில் ஓர் இடம் காலியாக இருந்தது. ஆனால் நேர்முகத் தேர்வு முழுக்க ஆங்கிலத்தில். அதில் தேறாவிட்டால் இவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால்தான் டிப்போ ஆட்களுக்கு நான் எடுக்கும் வகுப்பில் இவரும் வந்து உட்கார்ந்தார்.

அன்று வாக்கிய வகைகள். உதாரணம் தேடி மண்டையை உடைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்குக் கிடையாது. அதுதான் வீட்டிலேயே ஒன்று வளைய வருகிறதே. கரும்பலகையில் 'மை ஹஸ்பண்ட் ஸ்னோர்ஸ்' என்று ஆங்கிலத்தில் எழுதினேன்.

"என் வீட்டுக்காரர் குறட்டை விடுறார். ஒரே சேதி, அதோட முடிஞ்சுது. இது தனி வாக்கியம்."

முன் பெஞ்சிலிருந்த மெக்கானிக் திரும்பி இவரைப் பார்த்தார். இவரோ சிரத்தையாக எழுதிக்கொண்டிருந்தார்.

"குறட்டை விடுறார், ஆனா ஒத்துக்க மாட்டார். ரெண்டு சேதி, ரெண்டும் சரிசமம். நடுவுல 'பட்' வந்து சேத்து வைக்குது. இது கூட்டு வாக்கியம். அடுத்தது, 'அவர் குறட்டை விடுறதால'... இதோட நிறுத்தினா?"

"அதனால என்ன ஆச்சுன்னு கேக்கத் தோணும் டீச்சர்" என்றார் ஒரு பெண் கண்டக்டர்.

"அதேதான். அது தனியா நிக்காது. 'நான் தூங்குறதே இல்ல'ன்னு சேத்துச் சொன்னாத்தான் நிக்கும். இது கலவை வாக்கியம்."

"என் முதுகும் அப்படித்தான் டீச்சர், தனியா நிக்காது" என்றார் இவர். வகுப்பு கொல்லென்று சிரித்தது. நானும்தான்.

வகுப்பில் இவர் ஒரே சந்தேகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டாலும் முகம் சுளிக்காமல் விளக்குவேன். அதையே வீட்டில் கேட்டால், "காதுல என்ன பஞ்சா வச்சிருக்கீங்க?" என்று எரிந்து விழுவேன். அடுப்பு, துணி, மறுநாள் பாடம் என்று எனக்கு ஆயிரம் வேலை.

தேர்வன்று நானும் கூடப் போனேன். பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கு உள்ளே பேசியதெல்லாம் கேட்டது.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார் அதிகாரி, ஆங்கிலத்தில்.

இவர் கணீரென்று, "மை ஹஸ்பண்ட் ஸ்னோர்ஸ்" என்றார்.

எனக்கு உயிரே போய்விட்டது. பயத்தில் மனப்பாடம் முந்திக்கொண்டுவிட்டது. உள்ளே யாருக்கோ புரையேறியது. இவராவது அதோடு நிறுத்தினாரா? 'பட்' போட்டு அடுத்ததையும் ஒப்பித்தார். கரும்பலகையில் உருப்படியாக நாலு வரி எழுதியிருக்கக் கூடாதா என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"யாருடைய கணவர்?" என்று கேட்டார் அதிகாரி.

"நான்தான் சார். டீச்சர் என் மனைவி" என்றார் இவர், தட்டுத்தடுமாறி.

சிரிப்பு அடங்கியதும் அதிகாரி சொன்னார்: "மனப்பாடம் வேண்டாம். சொந்தமாகப் பேசுங்கள். இந்த வேலை கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள்?"

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அப்போது இவர் ஒவ்வொரு சொல்லாக, நிதானமாக, ஆங்கிலத்தில் சொன்னார்:

"வேலை கிடைக்காவிட்டாலும் நான் வகுப்புக்குப் போவேன், ஏனென்றால் அங்கேதான் என் மனைவி என்னிடம் கோபப்படாமல் பேசுகிறாள்."

அது நான் எழுதிப்போட்ட வாக்கியமில்லை. இந்த முறை உள்ளே யாரும் சிரிக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த மனுஷன் மேல் பொங்கிவந்த பிரியத்தை எங்கே வைப்பதென்றும் தெரியவில்லை. திங்கட்கிழமை வந்து வேலையில் சேரச் சொல்லி அதிகாரி பேசியது பாதிதான் காதில் விழுந்தது.

சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்து வெளியே வந்தார்.

"கடைசியா சொன்னேனே, அதுல தப்பு ஏதும் இல்லையே டீச்சர்?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"வேலைதான் கெடைச்சிருச்சே. அப்ப இனிமே வகுப்புக்கு வர வேணாமா?" என்றார். குரலில் கொஞ்சம் ஏக்கம் இருந்தது.

"வேணாங்க" என்றேன். "வீட்டுலயே சொல்லித் தர்றேன்."