அட்டவணை மூன்றில் ஒரு நட்சத்திரம்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குள் பல வருஷம் ஊறிக் கிடந்ததெல்லாம் இல்லை. ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையின் மூன்றாவது அட்டவணையில், ஒன்பதாவது வரியில், ஒரு தேதியின் தோளில் ஒட்டிக்கொண்டிருந்த நட்சத்திரக் குறியிலிருந்து வந்தது. நட்சத்திரம் போட்டால் பக்கத்தின் அடியில் குறிப்பு இருக்க வேண்டும். நானும் அடிக்குப் போனேன். அங்கேயும் ஒரு நட்சத்திரம் இருந்தது. அதற்கு அடுத்தாற்போல் மூன்று வரிக்கு வெறும் வெள்ளைத் தாள்.

கட்டுரை வெளிவந்தது 1988இல், ஒரு வெளிநாட்டுத் தொழில்நுட்பப் பத்திரிகையில். ஆற்று மணலுக்குப் பதிலாகக் கல்குவாரித் தூளைப் போட்டால் கான்கிரீட் எவ்வளவு பாரம் தாங்கும் என்பது விஷயம். எழுதியவர் லக்ஷ்மிநாராயணன், தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு பொறியியல் கல்லூரியின் விரிவுரையாளர். கடைசியில் இரண்டு பேருக்கு நன்றி: ஆய்வக உதவியாளர் யேசுதாசன், தட்டச்சு செய்த அமலராணி. மூன்று பெயர், ஒரு நட்சத்திரம். என் கையில் இருந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் என் சொந்தச் சரக்கு. தரத்துக்கு உத்தரவாதம் இல்லை.

(நான் யார் என்று கேட்பீர்கள். பொதுப்பணித் துறையில் ஓய்வு பெற்றவன். வாழ்நாளில் ஒரே ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினேன். இடது ஓரத்தில் இடம் போதவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். உள்ளே இருந்ததைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. அதை இன்றுவரை பாராட்டாகவே வைத்துக்கொண்டிருக்கிறேன்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'மழை கொட்டிய அந்த மாலையில் லக்ஷ்மிநாராயணனின் கண்கள் அமலராணியின் விரல்களையே—'

வேண்டாம். அந்த மனுஷன் விரலைப் பார்த்திருந்தால் அது எந்த எழுத்தைத் தட்டுகிறது என்று சரிபார்க்கத்தான் பார்த்திருப்பார். இரண்டாவது:

'வாழ்க்கையும் கான்கிரீட்டைப் போலத்தான். இறுக இறுக—'

இதை அடித்த பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். மூன்றாவது:

'அமலராணி மெஷினில் தாளைச் செருகினாள்.'

இது நிற்கும். செருகட்டும்.

3

தாம்பரம் மேற்கில், பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரே, ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த இடம்தான் அமலராணியின் கடை. ஒரு மேஜை, ஒரு ஹால்டா தட்டச்சு மெஷின், வருகிறவர் உட்கார ஸ்டூல். சுவரில் ஒரே ஆணியில் ஆறு வருஷத்து மாதக் காலண்டர்கள். எதையும் கழற்றி எறிய மாட்டாள்.

காரணம் அவள் தொழில். ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் வயலெல்லாம் மனையாகிக்கொண்டிருந்த காலம் அது. நாள் முழுக்க மனைப் பத்திரம் அடிப்பாள். பத்திரத்தில் ஒரு தேதி வந்தால் விரல் நிற்கும். தலை தானாகச் சுவர்ப் பக்கம் திரும்பும். ஆபீஸ் மூடியிருந்த நாளில் பதிவானதாக ஒரு பத்திரம் சொன்னால் அதில் எங்கேயோ வில்லங்கம் இருக்கிறது என்று அர்த்தம். பத்து வருஷத்தில் அப்படி நாலு பத்திரத்தைப் பிடித்திருக்கிறாள்.

ஆராய்ச்சிக் கட்டுரை அவளுக்கு மாலை நேரத்து வேலை. இந்தப் பத்திரிகை அச்சுக் கோப்பதில்லை. நாம் அனுப்பும் தட்டச்சுப் பக்கத்தையே படமெடுத்து, சுருக்கி, அச்சிட்டுவிடும். பக்கத்தைச் சுற்றி வெளிர்நீலச் சட்டம் போட்ட தாள்களை அவர்களே அனுப்பியிருந்தார்கள். ஒரு எழுத்துகூட அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. அடித்தல் திருத்தல் தெரியக் கூடாது. கிரேக்க எழுத்துகள் மெஷினில் கிடையாது. சிக்மா வரும் இடத்திலெல்லாம் அமலராணி மூன்று தட்டு இடம் விட்டு நகர்ந்துவிடுவாள். பிறகு லக்ஷ்மிநாராயணன் கறுப்பு மையால் உட்கார்ந்து நிரப்புவார். இந்தக் கட்டுரையில் மொத்தம் அறுபத்தெட்டு சிக்மா. எண்ணினேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை?

ஆக, நான் பார்த்த பக்கம் அவள் அடித்த அதே பக்கம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பதினோரு பக்கத்தில் ஒரு வரி கோணவில்லை. அடுக்குக் குறி எண்கள் அரைத் திருப்பு ஏறி அத்தனையும் ஒரே உயரத்தில் நிற்கின்றன. அட்டவணையில் தசமப் புள்ளிகள் மேலிருந்து கீழாக நூல் பிடித்த மாதிரி இறங்குகின்றன. என் கட்டுரையை இவளிடம் கொடுத்திருந்தால் நானும் இந்நேரம்—

சரி, அது வேறு சோகம்.

4

எண்பத்தேழு செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. கட்டுரை ஏற்கப்பட்டாகிவிட்டது. ஒரே ஒரு நிபந்தனை: ஒவ்வொரு கான்கிரீட் கட்டியும் எந்தத் தேதியில் வார்க்கப்பட்டது, எந்தத் தேதியில் உடைத்துச் சோதிக்கப்பட்டது என்று புதிதாக ஒரு அட்டவணை சேர்க்க வேண்டும். (வார்த்த இருபத்தெட்டாம் நாள் உடைத்துப் பார்ப்பதுதான் கான்கிரீட்டுக்கு விதி.) வெள்ளிக்கிழமை துறைத் தலைவர் கையெழுத்துப் போட்டு அன்றே தபாலில் சேர்க்க வேண்டும். லக்ஷ்மிநாராயணன் ஆய்வகப் பதிவேட்டைப் பார்த்துத் தேதிகளை எழுதிக்கொண்டு வந்திருந்தார். எட்டு வரி ஓடியது. ஒன்பதாவதில் மெஷின் நின்றது.

"என்னம்மா, கார்பன் மாத்தணுமா?"

அமலராணி காலண்டரை ஜனவரிக்குப் புரட்டிக்கொண்டிருந்தாள். இந்தத் தேதிக்குக் காலண்டரே வேண்டியதில்லை. பழக்கம்.

"சார், இதை உடைச்ச தேதி ஜனவரி பதினாலுன்னு போட்டிருக்கு."

"டிசம்பர் பதினேழு ப்ளஸ் இருபத்தெட்டு நாள். கரெக்டா வருதே."

"கணக்கு கரெக்ட் சார். ஆனா அன்னிக்குப் பொங்கல்."

வெளிநாட்டில் இரண்டு நிபுணர்கள் மாதக்கணக்கில் அலசிய கட்டுரை அது. சிமெண்டின் நுண்மையைக் கேட்டார்கள். தண்ணீரின் உப்பைக் கேட்டார்கள். அவர்களால் கேட்கவே முடியாத ஒரு கேள்வியை மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒரு பெண் கேட்டுவிட்டாள். இதை எழுதும்போது எனக்குச் சின்னதாகக் கை தட்டத் தோன்றியது. பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினேன்.

லக்ஷ்மிநாராயணன் தட்டவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க அன்னிக்கு லேப்ல இருந்தீங்களா சார்?"

"ஊருக்குப் போயிருந்தேன். யேசுதாசன்கிட்ட, இருபத்தெட்டாம் நாள் டெஸ்ட் பண்ணிடுன்னு சொல்லிட்டுப் போனேன். அது என்னிக்கு வருதுன்னு நானே பார்க்கலை."

"அப்ப காலேஜ் திறந்தப்புறம் பண்ணிட்டு, தேதியை மட்டும்..." அமலராணி முடிக்கவில்லை.

முடிக்கத் தேவையும் இல்லை. நாற்பது சதவீதம் தூள் போட்ட கலவையின் வரி அது. கட்டுரையின் உயிரே அந்த ஒரு வரிதான். துறைத் தலைவரைப் பற்றி லக்ஷ்மிநாராயணன் சொன்னார்: "ரிசல்ட்டைப் படிக்க மாட்டார்மா, தேதியைத்தான் படிப்பார்."

5

இங்கே ஒரு வாக்குமூலம். முதல் படியில் யேசுதாசனை நான் பொய்யனாகத்தான் வைத்திருந்தேன். கதையில் யாராவது ஒருவர் ஏமாற்றினால்தான் ஆழம் என்று ஒப்புக்கொள்வார்கள் என்று எனக்கொரு எண்ணம். இரண்டு பக்கம் எழுதியும்விட்டேன்.

'யேசுதாசன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு—'

தொங்கவில்லை. எத்தனை முறை எழுதினாலும் அந்த ஆளின் தலை நிமிர்ந்தே நின்றது. சரி, நீயே வந்து சொல்லு என்று விட்டுவிட்டேன். மறுநாள் சாயங்காலம் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார்.

"உக்காருங்கண்ணா," என்றாள் அமலராணி.

"இருக்கட்டும்மா. இன்னா சார், லேப்புல கேக்காம இங்க வரச் சொல்லிக்கிறீங்க?"

லக்ஷ்மிநாராயணன் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். "இந்தத் தேதி."

"எங்கையெழுத்துதான்."

"அன்னிக்குப் பொங்கல், யேசுதாசா."

"தெரியும் சார். எங்க வூட்லயும் காலண்டரு கீது."

அமலராணி குனிந்து, அவசியமே இல்லாமல், ரிப்பனைச் சரிசெய்தாள்.

"லீவு நாள்ல லேப் எப்படித் திறந்தே?"

"மொத நாளே சாவிய வூட்டுக்கு எத்துகினு போய்ட்டேன். காலைல பின்பக்கம் கம்பி வேலில பூந்து போனேன். தண்ணித் தொட்டிலேர்ந்து மூணு கான்கிரீட் க்யூபு எடுத்தேன், தொடச்சேன், ஒடைக்கிற மெஷின்ல வெச்சி பம்பு அடிச்சேன். கைப்பம்புதானே, கரன்ட்டு இன்னாத்துக்கு? ஒடஞ்சதும் மீட்டர்ல செகப்பு முள்ளு நின்ன எடத்துலயே நிக்கும். பாத்தேன், எழுதினேன், வந்துட்டேன். எம்பொண்டாட்டி புஷ்பம் பொங்கப் பானைய எறக்கி வெச்சிகினு குந்திகினு கீது. ஒரு வாரம் பேசல எங்கிட்ட."

"ரெண்டு நாள் கழிச்சுப் பண்ணியிருக்கலாமேப்பா?"

"நீங்கதானே சார் சொன்னீங்க, இருபத்தெட்டுன்னா இருபத்தெட்டுன்னு? க்யூபுக்கு இன்னா தெரியும் சார் பொங்கலு?"

(இந்த இடத்தில் ஆசிரியர் கூற்றாக நாலு வரி உருக்கமாக எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். அவர் சொன்னதற்குப் பக்கத்தில் வைத்தால் என் வரிகள் நீலக் கோட்டைத் தாண்டின.)

6

ஆக, பொய் இல்லை. ஆனால் உண்மைக்குத்தான் இப்போது ஆபத்து.

லக்ஷ்மிநாராயணன் மெதுவாகச் சொன்னார். "கீழ காரணம் எழுதலைன்னா, பொய்த் தேதின்னு சொல்லித் துறைத் தலைவர் கையெழுத்துப் போட மாட்டார். 'விடுமுறை நாள், உதவியாளர் தனியாக வந்து சோதித்தார்'னு எழுதினா, சாவி எப்படி வெளிய போச்சுன்னு உனக்கு மெமோ குடுப்பார். அடுத்த மாசம் பர்மனென்ட் இன்டர்வியூ. கமிட்டில அவர்தான் உக்காரப் போறார்."

அமலராணி காலண்டரைச் செப்டம்பருக்குத் திருப்பினாள். பேசாமல் அடித்துக் கொடுத்திருக்கலாம். காலண்டர் பக்கம் தலையைத் திருப்பாமல் இருந்திருக்கலாம். வில்லங்கத்தைப் பிடிக்கிற பழக்கம், வில்லங்கமே இல்லாத ஒரு ஆளைப் பிடித்துவிட்டது.

"அந்த லைனையே எடுத்துட்டா சார்?"

யேசுதாசன் அவளைப் பார்த்தார். கோபமில்லை, ஆச்சரியம். "எடுத்துடுவியாம்மா? ஒண்ணொண்ணும் எட்டு கிலோ. மூணையும் தனியா தூக்கி வெச்சேன்." பிறகு லக்ஷ்மிநாராயணனைப் பார்த்து, "எழுதுங்க சார். அஞ்சு வருசமா டெம்ப்ரவரி. செய்யாதத செஞ்சேன்னு எழுதினாத்தான் தப்பு. செஞ்சத எழுதறதுக்கு இன்னா பயம்? எம்பேரு போட்டே எழுதுங்க."

சைக்கிள் வரைக்கும் போனார். பூட்டைத் திறந்தார். திரும்பி வந்தார்.

"ஒண்ணே ஒண்ணு சார். பர்மனென்ட் ஆயிடும்னு புஷ்பத்தாண்ட சொல்லி வெச்சிட்டேன்."

போய்விட்டார்.

7

அமலராணி ஒன்பதாவது வரியை அடித்தாள். தேதி. அதன் தோளில் ஒரு நட்சத்திரம். அட்டவணை முடிந்து அடிக்கோடு. கோட்டுக்குக் கீழே இன்னொரு நட்சத்திரம். பிறகு உருளையை மூன்று வரி ஏற்றித் தாளை உருவி, மேஜைமேல் வைத்தாள்.

"என்னம்மா, கீழ ஒண்ணும் அடிக்கலையே?"

"என் மெஷின்ல இல்லாததுக்கு நான் இடம்தான் சார் விடுவேன். நிரப்பறது நீங்க."

"என்னன்னு நிரப்பறது?"

"யேசுதாசன் அண்ணன் சொன்னதையும் கேட்டீங்க. திரும்பி வந்து சொன்னதையும் கேட்டீங்க. மூணு வரிதான் சார் இருக்கு."

8

வெள்ளிக்கிழமை என்ன நடந்தது? மூன்று முடிவு தயாரித்தேன்.

முதலாவது: லக்ஷ்மிநாராயணன் நிரப்ப மறந்துவிட்டார். அறுபத்தெட்டு சிக்மாவில் கை ஓய்ந்துவிட்டது. எனக்குத் தெரிந்த ஆராய்ச்சியாளர்களுக்கு இது ரொம்பப் பொருந்தும். ஆனால் இவர் ஒரு சிக்மாவைக்கூட விடவில்லையே.

இரண்டாவது: முழு உண்மையையும் எழுதினார், ஆனால் பென்சிலில். துறைத் தலைவர் கையெழுத்துப் போட்ட பின் மை தீட்டலாம் என்று. தபால் நேரம் முடிகிற அவசரத்தில் அப்படியே போய், கேமராவுக்குப் பென்சில் தெரியாமல் போயிற்று. இதை எழுதிவிட்டு, சினிமாத்தனம் என்று நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது: துறைத் தலைவர் விரல் தேதிகளின் வழியே இறங்கி, ஒன்பதாவதில் நின்றது. "இது என்ன ஸ்டார்?" "கீழ நோட் வரும் சார். கையால எழுதணும்." கையெழுத்து விழுந்தது. லக்ஷ்மிநாராயணன் தபாலாபீஸ் மேஜையில் பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்தார். பிறகு—

இதற்கு மேல் எனக்கு வரவில்லை. எழுதினால் யேசுதாசனின் வேலை போகலாம். எழுதாவிட்டால் அவர் செய்த வேலை போகும். ஒரு மனிதரின் வேலையை என் சௌகரியத்துக்காகக் காப்பாற்றவோ பறிக்கவோ எனக்குக் கை வரவில்லை. அந்தக் கல்லூரி என் வீட்டிலிருந்து ரயிலில் அரை மணி நேரம். போய், யேசுதாசன் பர்மனென்ட் ஆனாரா என்று விசாரித்திருக்கலாம். ஸ்டேஷன் வரை போனேன்; டிக்கெட்கூட எடுத்தேன். ஆகவில்லை என்று யாராவது சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று திரும்பி வந்துவிட்டேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். இந்த மாதிரிக் கட்டுரைகளில் 'ஆய்வக ஊழியர்களுக்கு நன்றி' என்று மொத்தமாக முடித்துவிடுவார்கள். துறைத் தலைவர் பெயரை மட்டும் விடவே மாட்டார்கள். இதில் துறைத் தலைவர் இல்லை. முதல் பெயர் யேசுதாசன், முழு இனிஷியலோடு. அந்தப் பெயரின் எழுத்துகள் பக்கத்தில் உள்ள மற்றவற்றைவிடக் கொஞ்சம் கறுப்பாக இருக்கின்றன. புது ரிப்பனாக இருக்கலாம். யாரோ ஒருத்தி கொஞ்சம் அழுத்தித் தட்டியதாகவும் இருக்கலாம்.

இனி பக்கம் உங்களுடையது. விதிகள் உங்களுக்கும் அதேதான்: கறுப்பு மை, அடித்தல் திருத்தல் கூடாது, நீலக் கோட்டைத் தாண்டக் கூடாது. இருப்பது மூன்று வரி. சாவி, கம்பி வேலி, எட்டு எட்டுக் கிலோவாக மூன்று கட்டி, பானையை இறக்கி வைத்துவிட்டுக் காத்திருந்த புஷ்பம், எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். யேசுதாசன் படிப்பார் என்று நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

9.    17.12.86    14.1.87*

*