புரதத்தின் நுனிச் சர்க்கரை

1

“கொன்னுட்டியா? என் புரதத்தைக் கொன்னுட்டியாடா?”

“நான் கொல்லலக்கா. கல்லீரல்தான் தின்னுச்சு.”

“நீதானே நுனிச் சர்க்கரையை வெட்டுன!”

கத்துபவள் அக்கா, ஆய்வகத்தில் மருந்துப் புரதம் செய்பவள். முழிப்பவன் தம்பி, இந்தக் கதையை எழுதுபவன். (கதை பிறந்த கதை இதுதான், வாசகரே: அக்காவின் புரதம் ரத்தத்தில் இறங்கியதுமே கல்லீரல் அதை விழுங்கிவிடுகிறது. கதையிலாவது பிழைக்கட்டும் என்று தம்பியிடம் கேட்டாள்.)

2

முதல் தொடக்கம்: “தலையில் சர்க்கரை மரத்தைச் சுமந்தபடி அந்தப் புரதம்...”

“தலையில இல்லடா, உடம்புல அங்கங்க. ஒவ்வொரு மரத்துக்கும் அடிமரம், கிளை, எல்லாமே சர்க்கரைதான். கிளை நுனியில காவலுக்கு இன்னொரு சர்க்கரை.”

இரண்டாம் தொடக்கம்: “புரதம் மடிந்து உருக்கொள்ளும்போதே மரங்கள் துணைநின்றன. அவை இல்லையென்றால் அது கசங்கிய சட்டைபோல்—”

[அக்கா பாராட்டிய ஒரே வாக்கியம். அதைத்தான் தம்பி முடிக்கவில்லை.]

3

மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படித்துத் தம்பிக்கு ஒரு வியாதி: அலங்காரமாகத் தெரிவதையெல்லாம் வெட்டுவான். பெயரடைகளை வெட்டினான். வெட்டிய வேகத்தில் கிளை நுனிகளையும் மழித்தான். அடியில் ஒளிந்திருந்த சர்க்கரை அம்மணமாக நின்றது. வயதான புரதங்களுக்குத்தான் நுனி உதிரும்; கல்லீரலுக்கு அந்த அடையாளம் போதும். ‘உனக்குக் கிழடு தட்டிவிட்டது, உள்ளே வா’ என்று வாயைத் திறந்தது.

“அது அலங்காரம் இல்லடா, உயிரு!”

“உலக இலக்கியத்துல நாயகன் சாகணும்க்கா.”

“என் லேப்ல தினம் சாகுது. அது இலக்கியமா?”

தம்பி சிரிக்கப் பார்த்தான். அக்காவின் கண் கலங்கியிருந்தது. போயும் போயும் ஒரு புரதத்துக்காக! (‘இந்த அக்கா பாத்திரம் நம்பும்படி இல்லை’ என்று ஓரத்தில் குறித்திருந்தான். அதை இப்போது அடித்துவிட்டான்.)

4

மாற்று முடிவு: கல்லீரலுக்குப் பல்வலி.

“அதுக்கு ஏதுடா பல்லு?”

இன்னொன்று: புரதம் நுரையீரல் பக்கம் ஓடித் தப்பிக்கிறது.

“ரத்தம் எங்க சுத்தினாலும் கடைசியில கல்லீரல் வழியாத்தான் வரணும்.”

வேறு வழியில்லை. கல்லீரல் வாயை மூடுவதற்கு முந்தைய வரிக்குத் தம்பி திரும்பி வந்தான். கிளை நுனி இதோ, காலியாக: [    ]. ஆனால் அவன் கை வெட்டியே பழகிய கை, ஒட்ட வராது. பேனாவைப் பிடுங்கிய அக்கா, தாளுக்கு வெளியே, உங்களைத்தான், நிமிர்ந்து பார்க்கிறாள்.

“ஏங்க, நீங்களாவது அதுல ஒரு சர்க்கரையை வைக்கிறீங்களா?”