நாற்பதாவது இடம்

துல்லியோ அன்று காலை இரண்டு முறை சவரம் செய்துகொண்டார். இத்தாலியில், சாஸ்ஸுவோலோவில் டைல்ஸ் ஆலை வைத்திருக்கும் அறுபது வயசு மனுஷன், தன் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு மெனக்கெட்டிருக்க மாட்டார். இருக்காதா பின்னே? அன்று அவர் எடுத்துவரப் போன, கூரையை மடக்கிவிட்டு ஓட்டுகிற கார் உலகத்துக்கே நாற்பதுதான். காசு வைத்திருக்கிறவனுக்கெல்லாம் கம்பெனிக்காரன் கொடுத்துவிட மாட்டான், அவனாகப் பார்த்துக் கூப்பிட வேண்டும். அந்த அழைப்புக்காகவே, அதே கம்பெனியின் யாரும் சீந்தாத நான்கு கார்களைப் பதினொரு வருஷமாக வாய் பேசாமல் வாங்கி நிறுத்தியிருந்தார். கடைசியில் நாற்பதாவது இடம் கிடைத்தது.

அவருக்கு அடுத்தபடியாகக் காத்திருந்தவர் எர்மெஸ், முப்பது வருஷ சிநேகிதர். "உங்கள்ல எவனாவது மண்டையைப் போட்டாத்தான்யா எனக்கு" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

கார் தொழிற்சாலையில் லொரெதானா என்ற அதிகாரி துல்லியோவை உட்கார வைத்துக் காபி கொடுத்தாள். அவள் முகமே சரியில்லை.

"உங்க பேரை எடுத்துட்டாங்களே, உங்களுக்குத் தெரியாதா?"

"என்னம்மா விளையாடறே?"

"ரெண்டு வருஷத்துக்குள்ள எங்க காரை விக்கக்கூடாதுன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? மஞ்சக் காரைப் பதினாலாவது மாசமே வித்திருக்கீங்க."

அவள் நீட்டிய விற்பனைப் பத்திரத்தின் போட்டோவில் துல்லியோவின் கையெழுத்து பளிச்சென்று இருந்தது. அந்தக் காகிதம் ஒன்றே ஒன்றுதான், அது இருந்தது எர்மெஸிடம்.

ஏப்ரலில் எர்மெஸ்தான் நச்சரித்தார். "அந்த மஞ்சக் கார் மேல பைத்தியமாயிட்டேன்யா. இப்போ வித்ததா எழுதிக் குடு, பேர் மாத்தறதை ரெண்டு வருஷம் முடிஞ்சப்புறம் பாத்துக்கலாம். நமக்குள்ள என்ன?" துல்லியோ இரண்டு வாரம் தட்டிக்கழித்தார். அப்புறம் சிநேகிதனாயிற்றே என்று எழுதிக் கொடுத்தார், மடையன்! தண்டனை விற்றவனுக்குத்தான், வாங்கியவனுக்கு இல்லை. இது தெரியாமல் இந்தக் காரை வாங்குகிறவன் ஒருத்தனும் கிடையாது.

"என் இடம் யாருக்கு?"

"உங்க சிநேகிதருக்கு. அவரே உங்ககிட்ட நேர்ல சொல்லிடறதா போன வாரம் சொன்னாரே..."

துல்லியோ முற்றத்துக்கு ஓடினார். எட்டு மாசம் மண்டையைக் குழப்பி அவர் தேர்ந்தெடுத்த கரும்பச்சை நிறத்தில் கார் நின்றது. உள்ளே எர்மெஸ்.

"வாய்யா. சொல்லணும்னுதான்... ஒரு வாரமா வார்த்தை வரலை."

"போட்டோ எடுக்க மட்டும் கை வந்துதாக்கும்?"

"எனக்கு அறுபத்தெட்டு வயசு. இன்னொரு தடவைக்கு நான் இருப்பேனான்னே தெரியலை. கேட்டிருந்தா விட்டுக்குடுத்திருப்பியா, சொல்லு."

துல்லியோ யோசித்தார். பொய் சொல்ல வரவில்லை.

"மாட்டேன். சத்தியமா மாட்டேன்."

"பாத்தியா!"

"ஆனா, போய்யா கெழவான்னு திட்டிட்டு, முதல் ரவுண்டு உன்னைத்தான் ஓட்டச் சொல்லியிருப்பேன்."

துல்லியோ, இவன் முன்னால் அழுது தொலைக்கக் கூடாதென்று வாசலைப் பார்த்து நடந்தார். திரும்பும்போது புதுக் காரிலேயே போகலாமென்று டாக்ஸியில் வந்திருந்தார். காவலாளியிடம் இன்னொரு டாக்ஸி கூப்பிடச் சொன்னார்.