கள்ளக் குரல்

வீட்டில் வைத்த பெயர் ஒன்று அவனுக்கு இருந்தது. ஆனால் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளனாகச் சேர்ந்த முதல் வாரமே ஒரு கண்டக்டர் "இடி" என்று கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது. குரல் அப்படி. ஒலிபெருக்கி பழுதான நாளிலும் அவன் வேலை நிற்காது. கூண்டை விட்டு வெளியே வந்து நின்று சொன்னால் கடைசி நடைமேடை வரைக்கும் கேட்கும். கண்ணயர்ந்து கிடந்தவர்கள் பெட்டியை அள்ளிக்கொண்டு ஓடுவார்கள். அவனுக்கு மனைவி வாய்த்ததும் அந்தக் குரலால்தான். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவள், பஸ் வருவதற்கு வெகுநேரம் முன்பே வந்து பெஞ்சில் உட்கார்ந்து அறிவிப்புகளைக் கேட்டுக்கொண்டிருப்பாள். இரண்டு தடவை தன் பஸ்ஸையே விட்டிருக்கிறாள்.

பிறகு நிர்வாகம் அவனை ஓர் அறையில் உட்கார வைத்து, எல்லா ஊர்ப் பெயர்களையும் எல்லா அறிவிப்புகளையும் சொல்லச் சொல்லிப் பதிவு செய்துகொண்டது. தட்டிக்கொடுத்துப் பாராட்டினார்கள். பதிவு முடிந்த மறுநாளிலிருந்து அவன் வர வேண்டியதில்லை என்றும் சொன்னார்கள். தன் வேலைக்குத் தன் குரலே உலை வைத்த கதையை இடி சிரித்துக்கொண்டேதான் சொல்வான். மனைவிக்கு மட்டும் ஆறவில்லை. ஆனால் ஒரு வாரம் கழித்து அவளே பேச்சை எடுத்தாள். பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார் ஆக வேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து புலம்புகிறவர், இப்போது போய்ப் படித்தால் என்ன, வீட்டைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். சின்ன வயதிலிருந்தே கீபோர்டு வாசிப்பவன், மேடையிலும் பாடியவன். நுழைவுத் தேர்வில் தடுமாற்றம் இல்லை. முப்பத்திரண்டு வயதில் பல்கலைக்கழகத்தில் இசைக் கல்விப் பட்டப் படிப்பில் சேர்ந்தான்.

கூடப் படித்ததெல்லாம் மீசை முளைத்தும் முளைக்காத பிள்ளைகள். முதல் நாள் அவன் வகுப்புக்குள் நுழைந்தபோது விரிவுரையாளர் என்று நினைத்து எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். மாமியார் இரண்டு தெரு தள்ளித் தையல் கடை வைத்திருந்தாள். மாப்பிள்ளையிடம் நேரில் ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். ஆனால் அளவு கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம், யானை மாதிரி ஆம்பளை முதுகில் பையை மாட்டிக்கொண்டு காலேஜுக்குப் போகிறார் என்று ஊசியில் நூல் கோத்தபடியே சொல்லிக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருடம் நன்றாகவே ஓடியது. சேர்ந்திசையில் அவன் நின்றால் பின்வரிசை முழுவதும் தெம்பாகிவிடும். மூன்றாம் வருடம் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பாடம் நடத்திப் பழக வேண்டும். அவனுக்குக் கிடைத்தது ஒன்றாம் வகுப்பு.

அதற்காகவே ஒரு பாட்டுக் கட்டியிருந்தான். "எறும்பு ஏறுது ஏணி மேலே, எங்கே போகுது இந்த வேளை?" ஒவ்வொரு சொல்லுக்கும் சுருதி ஒரு படி ஏறும். வகுப்பாசிரியை ஓரமாக உட்கார்ந்திருந்தார். பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பேராசிரியை பின்வரிசையில், முழங்கால் முகவாயில் இடிக்கும் குட்டி நாற்காலியில் அமர்ந்திருந்தார். இடி தொண்டையைச் செருமிக்கொண்டு, தனக்கே உரிய கம்பீரத்தோடு முதல் வரியைப் பாடினான். இப்போது நீங்கள் பாடுங்கள் என்று கையை விரித்தான்.

பிள்ளைகள் வஞ்சனை இல்லாமல் முயன்றார்கள். முகவாயைக் கழுத்துக்குள் புதைத்து, தோளைத் தூக்கி, கண்ணை உருட்டி, அடித்தொண்டையிலிருந்து உறுமினார்கள். முப்பது தவளைகள் ஒரே கிணற்றில் விழுந்த மாதிரி இருந்தது. எறும்பு ஏறவில்லை. ஒரு பையனுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. இன்னும் தெளிவாகக் காட்டினால் சரியாகும் என்று இடி இன்னும் பலமாகப் பாட, பக்கத்து வகுப்பிலிருந்து ஒருவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

வகுப்பு முடிந்ததும் பேராசிரியை தாழ்வாரத்தில் நின்று விளக்கினார். அவர் கோபக்காரர் அல்ல, ஆனால் வார்த்தைக்குச் சர்க்கரை தடவத் தெரியாதவர். பிள்ளைகள் மேல் தப்பில்லை, அவன் பாடிய சுருதியிலேயே அவர்களும் பாடப் பார்த்தார்கள், அந்தப் பாதாளம் அவர்கள் தொண்டையில் கிடையாது என்றார். அவர்கள் குரல் நிற்கும் இடத்துக்கு அவன்தான் ஏறி வர வேண்டும்.

"எப்படி மேடம்? அவ்வளவு மேல எனக்குக் குரலே இல்லையே."

"இருக்கு. சன்னமா, தலைக்குள்ள பாடுற மாதிரி ஒரு குரல் எல்லா ஆம்பளைக்கும் இருக்கு. அடுத்த தடவை அதுலதான் பாடணும்."

இடிக்கு முகம் விழுந்துவிட்டது. அவர் சொன்னது எது என்று அவனுக்குத் தெரியும். பாடகர்கள் அதைக் கள்ளக் குரல் என்பார்கள். எட்டாத சுருதியை ஏமாற்றிப் பிடிக்கிறவன் என்று மேடையில் ஒருவனைக் கேலி செய்வதற்கான சொல் அது. அவனே எத்தனையோ பேரை அப்படிச் சொல்லிச் சிரித்திருக்கிறான்.

வீட்டில் மனைவி கேட்டதற்கு, பாடம் பரவாயில்லை என்று மட்டும் சொன்னான். இந்தக் குரலுக்காகப் பஸ்ஸைக் கோட்டை விட்டவளிடம் எலிக் குரலில் பாடப் போகிறேன் என்று எப்படிச் சொல்வது? அவள் கடைக்குக் கிளம்பிப் போன பிறகு, கதவைத் தாழிட்டு, ஜன்னலை மூடி, திரையையும் இழுத்துவிட்டுப் பயிற்சி செய்தான். முதல் இரண்டு நாள் வெறும் காற்றுதான் வந்தது. மூன்றாம் நாள் கீச்சென்று ஏதோ வந்தது. போகப் போக அந்தக் குரல் திரண்டு, மெல்லியதாக, சுத்தமாக நின்றது. அவனுக்கே ஆச்சரியம். சோபாவில் தலையணைகளையும் ஒரு தண்ணீர்க் கேனையும் ஹெல்மெட்டையும் வரிசையாக உட்கார வைத்து, அவற்றுக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தான்.

ஒரு நாள் நண்பகல், மாமியார் அவனுடைய கால்சட்டைகளுக்கு ஓரம் அடித்து எடுத்துக்கொண்டு படியேறி வந்தாள். அழைப்பு மணியில் விரலை வைக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். பாட்டு நின்றது. பின்னாலேயே மாப்பிள்ளையின் குரல், கதவே அதிரும்படி.

"பயப்படாம வா. வெட்கமே படக் கூடாது. நான் இருக்கேன்ல?"

மறுபடி அந்தப் பெண் குரல், குழைந்து குழைந்து: "எங்கே போகுது இந்த வேளை?"

"அப்படித்தான். இன்னும் கொஞ்சம் கிட்ட வா."

மாமியார் கால்சட்டைகளை மார்போடு அணைத்துக்கொண்டு சத்தமில்லாமல் ஒரு மாடி இறங்கினாள். முதலில் மகளுக்குப் போன் செய்தாள். அடுத்து, வேனில் பொட்டலங்கள் கொண்டுபோய்க் கொடுக்கும் மகனுக்கு. இருவரிடமும் சொன்னது ஒன்றேதான்: கேள்வி கேட்காமல் உடனே வந்து சேர்.

மகள் யாரோ ஒருவருக்குக் கண் பரிசோதித்துக்கொண்டிருந்தவள், பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தாள். மச்சான் வேனைக் குறுக்கே நிறுத்திவிட்டு வந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவனுக்குக் கோபத்தைவிடக் கவலைதான் அதிகமாக வந்தது. அக்காவுக்காகச் சட்டையைப் பிடிக்கத்தான் வேண்டும், ஆனால் அத்தான் உயரத்துக்குச் சட்டைக் காலரை எட்ட வேண்டுமென்றால் எதன் மேலாவது ஏறித்தான் நிற்க வேண்டும். மூவரும் கதவில் காதை வைத்தார்கள். பெண் குரல் தெளிவாகக் கேட்டது. மனைவியின் முகம் வெளுத்தது. சாவியைப் போட்டு, உள்தாழ்ப்பாள் தடுக்கவே உள்ளங்கையால் தட்டினாள். பாட்டு சட்டென்று நின்றது. நெடுநேரம் கழித்தே கதவு திறந்தது. வேர்த்து விறுவிறுத்து இடி நின்றிருந்தான்.

மாமியார் அவனை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். குளியலறை, திரைக்குப் பின்னால், அலமாரிக்குள், கட்டிலுக்கு அடியில் என்று ஓர் இடம் விடவில்லை. திரும்பி வந்தபோது தலையில் ஒட்டடை.

"எங்க மாப்பிள்ளை அவ?"

"யாரு அத்தை?"

"இவ்வளவு நேரம் பாடுனாளே, அவதான்."

இடிக்கு அப்போதுதான் விளங்கியது. சிரிப்பு வந்திருக்க வேண்டும். ஆனால் மனைவியின் கண்ணைப் பார்த்ததும் வரவில்லை. அது தான்தான் என்றான். அதற்குக் கள்ளக் குரல் என்று பெயர் என்றும் சொல்லித் தொலைத்தான்.

"கள்ளம்னு நீங்களே சொல்றீங்களே. நான் வேற எதைச் சொன்னேன்?" என்றாள் மாமியார்.

வேறு வழியில்லை. தலையணைகளுக்கு முன்னால் போய் நின்று, கண்ணை இறுக மூடிக்கொண்டு பாடினான். அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து, சின்னப் பெண் பாடுவது போல எறும்பு ஏணியில் படிப்படியாக ஏறியது. பாடி முடித்தும் கண்ணைத் திறக்கவில்லை. முதலில் மச்சானின் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பிறகு மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கால்சட்டைகள் தரையில் விழுந்தன. அவன் கண்ணைத் திறந்தபோது மனைவி சோபாவில் ஹெல்மெட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சிரித்ததால் வந்த கண்ணீரா, பயந்ததால் வந்ததா என்று அவளுக்கே தெரியாது.

"எங்கிட்ட ஏங்க சொல்லல?"

"நீ எந்தக் குரலுக்கு வந்து உட்கார்ந்தேன்னு எனக்குத் தெரியாதா? இதைக் கேட்டா உனக்கு என்னமோ மாதிரி இருக்குமேன்னுதான்."

அவள் மூக்கை உறிஞ்சினாள். "பஸ்ஸைக் கூப்பிட அந்தக் குரல். பிள்ளைங்களைக் கூப்பிட இது. இதுல நான் நினைக்கறதுக்கு என்ன இருக்கு? இன்னொரு தடவை பாடுங்க, இவங்க சிரிச்சதுல பாதி கேக்கல" என்று தன் அம்மாவைக் காட்டினாள்.

தலையணைகள் கீழே போயின. அவற்றின் இடத்தில் மூவரும் உட்கார்ந்தார்கள். இடி பாட, அவர்கள் திருப்பிப் பாடினார்கள். மச்சானுக்குச் சுருதி என்பது எந்தக் கடையில் விற்கிறது என்றே தெரியாது. ஆனால் சளைக்காமல் கத்தினான். மாமியார்தான் வகுப்பிலேயே அடங்காத பிள்ளை. நடுவில் பேசினாள், பக்கத்தில் இருந்தவளைக் கிள்ளினாள், தண்ணீர் கேட்டாள். கீழே யாருடைய வேன் வழியை மறிக்கிறது என்று யாரோ கத்திய பிறகுதான் வகுப்பு கலைந்தது. அவர்கள் போனதும் இடிக்கு மனசு லேசாக இருந்தது. மாமியார் முன்னாலேயே பாடியாகிவிட்டது. இனி யாருக்கு முன்னால் கூச்சம்?

அடுத்த வாரம் அதே ஒன்றாம் வகுப்பு, அதே பேராசிரியை, அதே குட்டி நாற்காலி. இடி சன்னக் குரலை எடுத்ததும் வகுப்பு கொல்லென்று சிரித்தது. முன்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து நின்றான்.

"சார், நீங்க எங்க அம்மா மாதிரி பாடுறீங்க."

"அப்படியா? அம்மா நல்லாப் பாடுவாங்களா?"

"ம்ஹூம்."

பேராசிரியையும் சிரித்துவிட்டார். பிள்ளைகள் சிரித்து முடிக்கும் வரை இடி காத்திருந்து, மறுபடி தொடங்கினான். இந்தத் தடவை யாரும் முகவாயைப் புதைக்கவில்லை. திருப்பிப் பாடச் சொன்னதும், அவன் நின்ற இடத்திலேயே வந்து நின்றது அத்தனை குரலும். ஒரு படி, இன்னொரு படி என்று ஏறி, உச்சியில் சேர்ந்து நின்றபோது வகுப்பாசிரியை கையிலிருந்த திருத்தும் வேலையை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

ஒரே ஒரு குரல் மட்டும் கீழே கிடந்தது. ஜன்னலோரம், முன்பல் இரண்டும் விழுந்த சிறுமி. எல்லோரும் ஏற, அவள் மட்டும் ஒரே சுருதியில் கரகரவென்று பாடிக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பிள்ளை முழங்கையால் இடித்ததும் வாயை மூடிக்கொண்டாள். இடி அவளிடம் போய்த் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். அவளைப் பாடச் சொன்னான். தயங்கித் தயங்கி அதே கரகரப்பு வந்தது. அவன் தன் கள்ளக் குரலை விட்டு இறங்கி, அவள் பிடித்திருந்த இடத்திலேயே தன் சொந்தக் குரலை மெதுவாக வைத்தான். இரண்டு குரலும் ஒட்டிக்கொண்டன. சிறுமி திடுக்கிட்டு அவனைப் பார்த்தாள். இதுவரை தன் பக்கத்தில் யாரும் வந்து நின்றதில்லை என்பது போல இருந்தது அந்தப் பார்வை. அவன் ஒரு படி ஏறினான். அவளும் ஏறினாள். இன்னொரு படி. கொஞ்சம் வழுக்கி, பிறகு வந்துவிட்டாள். மூன்றாவது படிக்கு வரவில்லை.

"போதும். எறும்புக்குக் கால் வலிக்கும். மிச்சத்தை அப்புறம் ஏறலாம்" என்றான்.

வெளியே வந்ததும் பேராசிரியை அதைப் பற்றித்தான் பேசினார். பாட்டின் வேகத்தைக் குறைக்கச் சொன்னார், கையை அவ்வளவு ஆட்ட வேண்டாம் என்றார். ஆனால் அந்தச் சிறுமியிடம் உட்கார்ந்ததை யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். யாரும் இல்லை, போன தடவை எல்லாப் பிள்ளைகளும் தன்னைத் தேடிக் கீழே வந்து திணறினார்களே, அது நினைவுக்கு வந்தது என்றான் இடி. அந்த வருடம் முழுவதும் அதே வகுப்புக்கே பேராசிரியை அவனை அனுப்பினார். பள்ளி மூடும் முன்பு அந்தச் சிறுமி ஏணியில் ஐந்து படி ஏறியிருந்தாள்.

பட்டம் கையில் வந்ததும் அந்தப் பள்ளிக்கூடமே அவனை வேலைக்குக் கூப்பிட்டது. முதல் நாள் தொடர்ந்து வகுப்புகள். மாலையில் வீட்டுக்கு வந்தபோது சன்னக் குரலும் இல்லை, இடிக் குரலும் இல்லை, வெறும் காற்றுதான் வந்தது. மனைவி வெந்நீரைக் கையில் கொடுத்து, மறுநாள் காலை வரை வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு போட்டாள். அவன் சைகையிலேயே அன்றைய கதை முழுவதையும் சொன்னான், அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எதிர்வீட்டுக்காரர் கதவைத் தட்டி, வீடு இவ்வளவு அமைதியாக இருக்கிறதே, சார் ஊரில் இல்லையா என்று விசாரித்துவிட்டுப் போனார்.