ஈஜோக் வீட்டுச் சரவிளக்கு

கங்காவுக்கு அந்த வீட்டை விற்க மனமில்லை. அண்ணன் லிங்கேஸ்வரனுக்கு விற்காமல் இருக்க மனமில்லை. அப்பா வேலை செய்த ரப்பர் தோட்டத்தை மூடியபோது அவருக்கு ஈஜோக்கில் கிடைத்த வீடு அது. அப்பாவுக்குப் பிறகு இருவர் பெயரிலும் இருந்தது. நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்ததிலிருந்து லிங்கேஸ்வரனுக்கு எல்லாவற்றிலும் அவசரம். தான் குடியிருக்கும் புக்கிட் பெருந்துங்கிலிருந்து போன் போட்டே அவள் உயிரை எடுத்தான். கடைசியில், "சரி, ஹோம்ஸ்டே நடத்திப் பாரு. பள்ளி லீவு முடியறதுக்குள்ள ஆளு வரலன்னா ஏஜெண்ட கூட்டிட்டு வந்துருவேன் லா" என்றான்.

ஆள் வரவில்லை. எப்படி வரும்? கோலசிலாங்கூரில் மின்மினி பார்க்க வருகிறவர்களுக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஹோம்ஸ்டே எல்லாம் ஒரே அச்சு: வெள்ளைச் சுவர், சாம்பல் நிற சோபா, சுவரில் ஒரு டிவி. அப்பாவின் வீடும் அதே லட்சணம்தான். இப்படி வீடு வாடகைக்கு விடுவதைப் பற்றி இணையத்தில் பாடம் எடுக்கிற ஒரு பெண் சொன்னாள்: ஒரே ஒரு பெரிய விளக்கு மாட்டுங்கள், படத்தைப் பார்க்கிறவர் விரல் அங்கேயே நின்றுவிட வேண்டும். கங்கா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ரவாங்கில் ஒரு கடைக்குப் போய் மூன்றடுக்குச் சரவிளக்கு ஒன்றை வாங்கி வந்தாள்.

தோட்டத்து ஆட்களுக்குக் கட்டிக்கொடுத்த வீட்டில் கூரை எவ்வளவு தாழ்வாக இருக்கும் என்று அந்த மகராசிக்கு என்ன தெரியும்? ஹாலில் மாட்டிய அன்றே கங்காவின் கணவன் புனிதன் நெற்றியில் முட்டிக்கொண்டான். "வர்றவங்கள்லாம் குனிஞ்சுதான் நடக்கணும் போல" என்று நெற்றியைத் தடவிக்கொண்டே அதைக் கழற்றி, வாசலில் கார் நிறுத்தும் இடத்தில் மாட்டினான். அங்கே கூரை உயரம். ஆனால் மஞ்சள் பல்புகளில் படம் மங்கலாக விழுந்தது. கங்கா எல்லாவற்றையும் மாற்றி வெள்ளைப் பல்புகளாகப் போட்டாள். பிறகுதான் பளிச்சென்று இருந்தது, சாலை முனையிலிருந்தே தெரிந்தது.

படம் போட்ட வாரத்திலேயே ஆள் கிடைத்தது. தெலுக் இந்தான் குடும்பம்; ஒரு ராத்திரி தங்கிவிட்டு மறுநாள் கோலசிலாங்கூரில் பெண்ணுக்கு நிச்சயம். "அந்த லைட்டுக்காகத்தான் இந்த வீட்ட எடுத்தோம்" என்று பெண்ணின் அம்மா தனேஸ்வரி போனில் சொன்னாள். கங்கா அதை உடனே அண்ணனுக்குச் சொன்னாள். அவன் பிடி கொடுக்காமல் "பாப்போம்" என்றான்.

அவர்கள் வந்த அன்று, கூட்டம் பெரிது என்பதால் புனிதன் கோவிலிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுவந்து விளக்குக்குக் கீழே வரிசையாகப் போட்டான். ஹாலில் பாய் விரிக்க வேண்டுமென்று சோபாவை ஓரம் தள்ளினார்கள். பொழுது சாய்ந்ததும் விளக்கைப் போட்டார்கள். பயணக் களைப்பில் தனேஸ்வரியின் தங்கைகளும் அண்ணன்மாரும் நாற்காலிகளில் உட்கார்ந்து, தலையைக் குனிந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. கங்கா சமையலறையில் தேத்தண்ணி கலக்கிக்கொண்டிருந்தாள்.

பின் வரிசை வீட்டுப் புஷ்பவள்ளிதான் முதலில் வந்தாள். யாரிடமும் பேசவில்லை. நேராக உள்ளே வந்து கங்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நல்லாத்தானே தேறி வந்தாரு உங்கண்ணன். ஒரு வார்த்த சொல்லக்கூடாதாம்மா?"

கங்காவுக்குத் தலைகால் புரியவில்லை. வெளியே எட்டிப் பார்த்தாள். தோட்டத்தில் அப்பாவையும் மற்றவர்களையும் வேலை வாங்கிய பழைய மண்டோர் அப்பளசாமி கையில் மாலையோடு வந்துகொண்டிருந்தார். அவர் பின்னால் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள். வந்தவர்கள் காலி நாற்காலிகளில் உட்கார்ந்து, பக்கத்திலிருந்த தெலுக் இந்தான்காரர்களின் கையை ஆறுதலாகப் பிடித்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வாசலில் வெள்ளை வெளிச்சம், வரிசை நாற்காலி, ஒதுக்கிய சோபா, குவிந்த செருப்பு. இந்தத் தாமான் வீட்டு வரிசைகளில் எந்த வீடு இப்படி இருந்தாலும் அது சாவு வீடுதான். சொல்லி அனுப்ப வேண்டியதில்லை, வெளிச்சத்தைப் பார்த்தே வந்துவிடுவார்கள். அவளே அப்படி எத்தனையோ வீட்டுக்குப் போயிருக்கிறாள். இதுகூடத் தோன்றாமல் போயிற்றே என்ற ஆத்திரத்தில் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அதைப் பார்த்துப் புஷ்பவள்ளி இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"அக்கா, விடுங்க. அண்ணன் உசுரோட இருக்காரு" என்று அவள் விடுபடுவதற்குள் தனேஸ்வரி மாலையைப் பார்த்துவிட்டாள். மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"யாரும் சாவலங்க. விளக்கப் பாத்து தப்பா நெனச்சிட்டாங்க."

"இருக்கட்டும்மா. நாளைக்கு நிச்சயத்த வச்சிக்கிட்டு, மால வந்த வீட்டுல பொண்ணப் படுக்க வைக்க முடியாது."

பெட்டிகள் காருக்குப் போயின. கங்கா கெஞ்சிக்கொண்டே பின்னால் ஓடினாள். சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்களைப் போலவே அவர்களும் போய் வருகிறோம் என்று சொல்லாமல் போனார்கள்.

கலக்கிய தேத்தண்ணி வீணாகக் கூடாதென்று புனிதன் வந்தவர்களையே உட்கார வைத்துக் கொடுத்தான். அவர்கள் குடித்துக்கொண்டிருந்தபோது லிங்கேஸ்வரன் காரிலிருந்து இறங்கினான்.

"போன் ஓயல. என் பொண்டாட்டிகிட்டயே எப்ப எடுக்கறாங்கன்னு கேக்கறாங்க. என்னா கூத்து இது?" என்று கத்திக்கொண்டே வந்தவன், நாற்காலிகளைப் பார்த்ததும் நின்றுவிட்டான். அப்பளசாமி எழுந்து, மாலையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"இத்தன பேரும் எனக்கா வந்தாங்க?" என்றான், குரல் இறங்கி.

"உனக்குத்தான். இவங்க யாரு வீட்டுச் சாவுக்கும் நீ வந்ததில்ல. இருந்தும் வந்திருக்காங்க." கங்கா வேண்டுமென்றேதான் குத்தினாள்.

அவன் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தான். தேத்தண்ணி குடிக்கிறவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிறகு, "வீட்ட விக்க வேணாம் தங்கச்சி" என்றான்.

இத்தனை மாதமாக அவள் கேட்கத் தவித்த வார்த்தை.  ஆனால் அவன் இன்னும் முடிக்கவில்லை.

"ஆனா ஹோம்ஸ்டே வேணாம். பூட்டி வச்சிரு. நாளைக்கு எனக்கு ஒன்னுன்னா இங்கருந்துதான் எடுக்கணும்."

கங்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விளக்கு வாங்கி, பல்பு மாற்றி, வந்த விருந்தாளியையும் தொலைத்துவிட்டு நிற்கிறாள். இவனுக்குச் சாவதற்கு இடம் கிடைத்துவிட்டது.

"சரிண்ணே, உன்ன இங்கருந்தே எடுக்கிறோம்" என்றாள். "அதுவரைக்கும் உசுரோட இருக்கிறவங்க வந்து தங்கட்டும்."

புஷ்பவள்ளி சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையைக் குனிந்தாள். லிங்கேஸ்வரன் தங்கையை ஏறிட்டுப் பார்த்து, சரியென்று தலையை ஆட்டினான். தனக்கும் ஒரு தேத்தண்ணி கேட்டான்.