முப்பத்தோராவது மலர்வளையம்

இன்சு வீச்சு மேட்டுக்கு நடந்து போனார். நம்குங்கின் தோளில் இரண்டு தட்டு தட்டினார். ஏதோ சொன்னார். திரும்பி வந்துவிட்டார். கையை நீட்டவில்லை.

நடந்தது அவ்வளவுதான். ஆனால் எங்கள் துறைமுக ஊரில் அந்த அக்டோபர் முழுக்க வேறு பேச்சே இல்லை. எட்டாவது இன்னிங்ஸ், எங்கள் பெலிக்கன்ஸ் பேஸ்பால் அணி இரண்டு ரன் முன்னால் இருந்தது. பந்து வீசும் பிட்சர் நம்குங் முந்தாநாள்தான் முப்பத்தெட்டுப் பந்து வீசியிருந்தான். அவன் கை ஓய்ந்துவிட்டது என்பது இடதுபுற கேலரியின் கடைசி வரிசையிலிருந்த எங்களுக்கே தெரிந்தது. பந்தைச் சரியாகப் போட முடியாமல், எதிரணியில் மூன்று பேரை அடிக்காமலே தளங்களுக்கு நடக்கவிட்டு மூன்று தளங்களையும் நிரப்பிவிட்டான். பிட்சரை மாற்றுவதென்றால் பந்துவீச்சு கோச் மேட்டுக்குப் போய் உள்ளங்கையை விரித்து நீட்டுவார். பிட்சர் பந்தை அதில் வைத்துவிட்டு இறங்கிப் போவான். இன்சு நீட்டவில்லை. அடுத்த பந்து எங்கள் தலைக்கு மேல் பறந்துபோய்ச் சுவரில் மோதியது. ஹோம் ரன். நான்கு ரன் போனது. தொடர்ந்து ஐந்தாவது வருடமாக முதல் சுற்றிலேயே மூட்டையைக் கட்டினோம்.

மறுநாள் மதியம் சுனிம் அக்காவின் சூப் கடையில் கூடினோம். ஸ்டேடியத்தின் மூன்றாவது வாசலுக்கு எதிரே இருக்கிறது கடை. குக் அண்ணன், தேசிக், நான் என்று மூன்று பேர். குக் அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், இருபத்திரண்டு வருடமாக ஒவ்வொரு பந்தையும் நோட்டில் குறித்து வைத்திருப்பவர். தேசிக் டாக்ஸி ஓட்டுகிறான். நான் சாவு வீடுகளுக்கு மலர்வளையம் கொண்டுபோகும் வண்டி ஓட்டுகிறேன். சுனிம் அக்கா கோச் இன்சுவின் உடன்பிறந்த அக்கா. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கல்லாவுக்கு மேலே, அவர் இளம் பிட்சராக இருந்த காலத்துப் படம் எண்ணெய்ப் பிசுக்கோடு மாட்டியிருக்கும். அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் அணியைத் திட்டுவோம். அவர் பெயரை மட்டும் மெதுவாகச் சொல்வோம்.

அன்று மெதுவாகச் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் பெரிய கோச்தான் காரணம், ஆட்டத்தை முடிவு செய்பவர் அவர்தான் என்றார் குக் அண்ணன். நோட்டைப் புரட்டி, ஐந்து வருடமும் எட்டாவது இன்னிங்ஸில் என்ன நடந்தது என்று வரிசையாக வாசித்துக் காட்டினார். தேசிக் நிர்வாகத்தைப் பிடித்துக்கொண்டான். நல்ல கேட்சரை விற்றுவிட்டு முழங்கால் போன வெளிநாட்டுக்காரனை வாங்கியது யார், கோச்சா என்று கேட்டான்.

"என் டாக்ஸி மீட்டருக்குக்கூட எப்ப நிறுத்தணும்னு தெரியும்ணே. இவனுங்களுக்குத் தெரியலை," என்றான்.

யார் முடிவு செய்திருந்தாலும் நீட்டாத கை இன்சுவுடையதுதானே என்று நான் சொன்னேன். சமையலறையில் கத்திச் சத்தம் நின்றது. யாரும் என்னைப் பார்க்கவில்லை.

அந்த வாரம் ரசிகர்கள் மொத்தமாக ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். வேறு ஊர் அணிகளுக்கு நடந்ததுதான். செத்தவர்களுக்கு அனுப்பும் மலர்வளையத்தை அணியின் அலுவலக வாசலுக்கு அனுப்புவது. ஆள் உயரத்துக்கு மேலே, மூன்று அடுக்கில் வெள்ளைச் செவ்வந்தி, இரண்டு பக்கமும் தொங்கும் ரிப்பன். வலது ரிப்பனில் மறைந்தவரின் ஆன்மா சாந்தியடையட்டும் என்று இருக்கும். இடது ரிப்பனில் அனுப்புகிறவர் பெயர் வர வேண்டும். இதில் மட்டும் யாரைத் தொலைக்க வேண்டுமோ அவர் பெயர் வரும். மொத்தம் முப்பது வளையம். நான் அந்தத் தொழிலில் இருப்பதால் பொறுப்பு எங்கள் மேசைக்கு வந்தது. நிர்வாகியின் பெயரும் பெரிய கோச்சின் பெயரும் போடுவது என்று முடிவாகியிருந்தது. இன்சுவின் பெயரையும் போடச் சொல்லி இணையத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

சுனிம் அக்கா கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள். தன் தம்பிக்காக அவள் வாதாடவில்லை.

"போன்னா போவான், எடுன்னா எடுப்பான். யார் சொல்றாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அவர்களுடைய அம்மா இரண்டு வருடமாக முதியோர் மருத்துவமனையின் ஏழாவது மாடியில் கிடந்தார். பக்கவாதம், பேச்சு கிடையாது. டிவி மட்டும் நாள் முழுக்க விளையாட்டுச் செய்தியில் ஓடும். திரையில் இன்சு வந்தால் இடது கையைத் தூக்குவார். அவர் உடம்பில் அசைவது அது ஒன்றுதான்.

"யார் பேரை வேணா போடுங்க. அவன் பேரு வேண்டாம். செத்தவங்க ரிப்பன்ல மகன் பேரைப் பார்த்துட்டு எங்கம்மா போகக் கூடாது," என்றாள்.

குக் அண்ணன் நோட்டை மூடி அதன்மேல் கையை வைத்தார். போட மாட்டோம், நான் பொறுப்பு என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். ரிப்பன் அச்சடிப்பது நான்தான் என்று அவளுக்குத் தெரியும்.

"சரிக்கா," என்றேன்.

என் கிண்ணத்தில் கூடுதலாக நான்கு துண்டு இறைச்சி போட்டுவிட்டு உள்ளே போனாள்.

இரண்டு நாள் கழித்து, வேலை நேரம் முடிந்ததும் முப்பது ஜோடி ரிப்பன் அச்சடித்தேன். மெஷின் மெதுவாகத் துப்பும். சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் போனில் அந்த எட்டாவது இன்னிங்ஸைப் போட்டுப் பார்த்தேன். நடக்கிறார், தட்டுகிறார், திரும்புகிறார். திரும்பத் திரும்பப் பார்த்தேன். கல்லூரியைப் பாதியில் விட்டதிலிருந்து எனக்கென்று மிச்சமிருந்தது இந்த அணி ஒன்றுதான். அதை ஒருத்தர் இரண்டு தட்டில் முடித்துவிட்டார் என்று தோன்றியது. முப்பது முடிந்தபின் இன்னொன்று தட்டினேன். 'எட்டாவது இன்னிங்ஸ், பந்துவீச்சு கோச் பியோன் இன்சு.' என்னிடம் யாரும் கேட்கவில்லை, யாரும் வற்புறுத்தவில்லை. குடித்திருக்கவும் இல்லை.

மறுநாள் ஸ்டேடியத்தில் அணியின் அலுவலக வாசலில் நிறுத்தியபோது, அந்த முப்பத்தோராவது வளையத்தை வரிசையின் கடைசியில், டிக்கெட் கவுன்டர் தூணுக்குப் பின்னால் நிறுத்தினேன். கேமராக்காரர்கள் முன்வரிசையைப் படம் பிடித்துவிட்டுப் போய்விட்டார்கள். குக் அண்ணன் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே தூண்வரை வந்தார். அதற்கு முன்னால் நின்று ரிப்பனைப் படித்தார்.

"நான் வாக்குக் குடுத்தேன்டா யோங்ஜே," என்றார்.

இங்கே கேமரா வராது என்றேன். அவர் அதை எடுக்கச் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து முதலிலிருந்து கடைசிவரை ஒவ்வொரு ரிப்பனையும் போனில் படமெடுத்துக்கொண்டு போனதை வண்டியிலிருந்து பார்த்தேன்.

நான்கு நாளில் அறிவிப்பு வந்தது. நிர்வாகி தொடர்வார். பெரிய கோச்சும் தொடர்வார். தோல்விக்குப் பொறுப்பேற்றுப் பந்துவீச்சு கோச் விலகுகிறார். மொத்தமே மூன்று வரி.

"முப்பது ரிப்பன் அனுப்பினோம். பேரே போடாத ஆளைத் தூக்கிட்டானுங்க," என்று தேசிக் சிரித்தான். அவன் தூண்வரை வந்ததில்லை. குக் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சூப்பைக் குடித்தேன். சுனிம் அக்கா வழக்கம்போல வெங்காயத்தாள் கொண்டுவந்து வைத்தாள். டிவியை மட்டும் பாட்டுப் போட்டிக்கு மாற்றியிருந்தாள்.

வளையங்கள் எங்கள் மலர்வளையக் கடைக்கே திரும்பி வந்திருந்தன. எங்கள் முதலாளி எதையும் வீணாக்க மாட்டார். குளிரறையில் வைத்தால் செவ்வந்தி பத்துப் பன்னிரண்டு நாள் தாங்கும். வலது ரிப்பனை மாற்றவே தேவையில்லை, எந்தச் சாவுக்கும் அதே வாசகம்தான். இடது ரிப்பனை வெட்டிவிட்டுப் புதுப் பெயர் கட்ட வேண்டும். அவசரத்தில் பழையதை வெட்டாமல் அதன்மேலேயே புதியதை இழுத்துக் கட்டிவிடுவார்கள். நானும் கட்டியிருக்கிறேன். அந்த ஒரு ரிப்பனை மட்டும் வெட்டிவிட வேண்டுமென்று குளிரறையில் தேடினேன். அகப்படவில்லை. வேறு யாராவது வெட்டியிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை சுனிம் அக்காவின் அம்மா இறந்துபோனார்.

மூன்று நாள் பெட்டியை வைத்து, வருபவர்களுக்குச் சூப் போடும் சாவுக் கூடத்தின் நடையில் நிற்கும் வளையங்களை எண்ணினால் ஒரு மனிதனின் இன்றைய மதிப்பு தெரிந்துவிடும். இன்சு கோச்சாக இருந்திருந்தால் லிப்ட்வரை வரிசை நின்றிருக்கும். இருந்தவை மூன்று. சந்தை வியாபாரிகள் சங்கத்தினுடையது ஒன்று, அவர் படித்த பள்ளியினுடையது ஒன்று, 'இடதுபுற கேலரி ரசிகர்கள்' என்று எங்களுடையது ஒன்று. புதுப் பூவில் செய்யச் சொல்லி குக் அண்ணன் என்னிடம் இரண்டு முறை சொன்னார். நானும் முதலாளியிடம் சொன்னேன். புதுசுதான் என்றார். இல்லை என்று இதழ் ஓரத்தைப் பார்த்ததும் தெரிந்தது. ஆனாலும் தூக்கிக்கொண்டு போய் வைத்தேன். எந்த வளையம் என்பது மட்டும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள முயலவும் இல்லை.

இன்சு கறுப்புச் சூட்டில், கையில் துக்கப்பட்டையோடு எங்களுக்குத் தலை வணங்கினார். அவ்வளவு பக்கத்தில் அவரை நான் பார்த்ததில்லை. டிவியில் தெரிவதைவிடச் சின்ன மனிதர். பெலிக்கன்ஸ் இலையுதிர்காலப் பயிற்சிக்குப் போய்விட்டதால் ஆட்கள் யாரும் வரவில்லை. நம்குங் மட்டும் வந்திருந்தான். முழங்கையில் அறுவைச் சிகிச்சை முடிந்து வலது கையைக் கழுத்தில் தூளிகட்டித் தொங்கவிட்டிருந்தான். ஒரு மூலையில் இடது கையால் கரண்டி பிடித்துக் காரமான மாட்டிறைச்சி சூப்பைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

சுனிம் அக்கா எங்கள் மேசைக்கும் சூப் கொண்டுவந்தாள். அம்மா கடைசிவரை எதையும் பார்க்கவில்லை, தம்பி வேலை போனதுகூடத் தெரியாது என்றாள்.

"நீங்க சொன்ன சொல்லைக் காப்பாத்தினீங்க. நான் மறக்க மாட்டேன்," என்றாள், குக் அண்ணனையும் என்னையும் பார்த்து.

குக் அண்ணன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அதன்பின் அவர் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்குப் பெட்டியை எடுப்பதாக இருந்தது. ஆறு பேர் தூக்க வேண்டும். இன்சுவின் சித்தப்பா பிள்ளைகள் நான்கு பேர் இருந்தார்கள். இரண்டு பேர் குறைந்தது. நம்குங் எழுந்தான். இன்சு அவன் கையைப் பார்த்து உட்காரச் சொன்னார். பிறகு எங்கள் மேசைக்கு வந்தார். குக் அண்ணனுக்கு இடுப்பு வலி, தேசிக்கும் நானும் தூக்குகிறோம் என்றோம். ஆளுக்கு ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை கொடுத்தார்கள். மாட்டிக்கொண்டோம்.

அந்த நேரத்தில் சுனிம் அக்கா சமையலறைக் கத்தரிக்கோலோடு நடைக்கு வந்தாள். வளையங்களின் ரிப்பனை வெட்டப் போகிறாளாம். இதையே நாளைக்கு வேறு வீட்டுக்கு விற்பார்கள், அம்மாவுக்கு வந்த பெயர்களாவது கூடப் போகக் கூடாது என்று தேசிக்கிடம் சொன்னாள். நான் அந்தத் தொழிலில் இருப்பது நினைவு வந்து, "உன்னைச் சொல்லலைடா தம்பி," என்றாள்.

வியாபாரிகள் சங்கத்தை வெட்டினாள். பள்ளியை வெட்டினாள். எங்களுடையதன் இடது ரிப்பனை வெட்டினாள். அது விழுந்தது. அதற்குக் கீழே இன்னொரு ரிப்பன் தொங்கியது.

அவள் அதைக் கையால் விரித்துப் படித்தாள். கத்தரிக்கோல் திறந்தபடியே இருந்தது. குக் அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். என்ன என்று பார்க்க இன்சு வந்தார். அவரும் படித்தார். தன் பெயரை, எட்டாவது இன்னிங்ஸை, பக்கத்தில் ஆன்மா சாந்தியடையட்டும் என்பதை.

"நீதானே ரிப்பன் அடிக்கிறவன்?" என்று என்னிடம் கேட்டார்.

"ஆமா."

"யார் அடிக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லலை."

அவர் தலையாட்டினார். "என்கிட்டயும் எல்லாரும் அதைத்தான் கேட்டாங்க. யார் சொல்லி நம்குங்கை மேட்டுலயே விட்டுட்டு வந்தேன்னு," என்றார். அவ்வளவுதான். அதற்கு விடை என்ன என்று அவர் அப்போதும் சொல்லவில்லை.

பிறகு என்னை நோக்கி நடந்து வந்தார். மேட்டுக்கு நடப்பதுபோல அவசரமில்லாமல், தலையைக் கொஞ்சம் குனிந்தபடி. என் தோளில் இரண்டு தட்டு தட்டினார். உள்ளங்கையை விரித்து என் முன்னால் நீட்டினார்.

கையுறைகளைக் கழற்றி அதில் வைத்தேன்.

அவர் அவற்றைக் குக் அண்ணனிடம் கொடுத்தார். குக் அண்ணன் மாட்டிக்கொண்டு, இடுப்பைப் பிடித்தபடி பெட்டியின் பின்பக்கம் போய் நின்றார். பெட்டி அந்த மூலையில் கொஞ்சம் தாழ்ந்துதான் போனது. நான் சுவரோரம் நம்குங்குக்குப் பக்கத்தில் நின்றேன். அவன் என்ன நடந்தது என்று கேட்கவில்லை. சுனிம் அக்கா ரிப்பனைச் சுருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டு எங்களைக் கடந்து போனாள். நான் அங்கே நிற்பது அவள் கண்ணில் படவில்லை, அல்லது பட்டும் ஒன்றுமில்லை.

சவ வண்டி போனபின் நடை காலியானது. அடுத்த குடும்பம் வருவதற்குள் இடத்தைக் காலி செய்து கொடுக்க வேண்டும். அது என் வேலை. பெயர் ரிப்பன் இல்லாத மூன்று வளையங்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் ஏற்றினேன். பூக்கள் இன்னும் இரண்டு நாள் தாங்கும்.